எட்டு மணிக்கு அறுந்த நெட்

பொன்னேரியில் எங்கள் கம்பெனி வைத்திருந்த குறை கேட்கும் கவுண்டரைப் போன மாதம் மூடிவிட்டார்கள். இனி நெட் வராவிட்டால் செயலியில் போய்ப் புகார் சொல்ல வேண்டுமாம். நெட் வரவில்லை என்று சொல்வதற்கே நெட் வேண்டும். இதை யோசித்தவருக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம் என்று, எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகளிடம் போனில் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, உங்கள் காலத்துக் கதைகளை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் படிக்கத் தருகிறோம் என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் போய்க் கதை கேட்பது, சும்மா கிடக்கிற சங்கை ஊதுகிற வேலை. கேட்டுவிட்டார்கள், அனுபவிக்கட்டும்.

நான் பழவேற்காட்டுக்காரன். பெயர் ஜமால். அத்தா ரேடியோ பழுது பார்த்தார். நான் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, செல்போன் டவர்களின் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறவனாகக் கம்பெனிக்குள் நுழைந்தேன். டீசலிலிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் கருவிகள் என்று மெல்ல மேலே வந்து, கடைசியில் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் களப் பணியாளன் ஆனேன். டவரைப் பார்த்துக்கொள்வதும் நான்தான், வாடிக்கையாளர் திட்டுவதை வாங்கிக்கொள்வதும் நான்தான். இரண்டாவது வேலைக்குத் தனியாகச் சம்பளம் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மக்கள் கேட்கிற கேள்விகளுக்குக் கம்பெனியின் பயிற்சியில் பதில் கிடையாது. நண்டு வியாபாரம் செய்யும் ஒரு அம்மா, ஒரு நாளைக்குக் கொடுக்கிற நெட்டில் பாதி மிஞ்சுகிறதே, அது ராத்திரியோடு எங்கே போகிறது என்று கேட்டார். அது அன்றோடு முடிந்துவிடும் என்றேன். "மிஞ்சுன மீனையே நாங்க கருவாடு போட்டு வெச்சிக்கிறோம். காசு குடுத்து வாங்குன நெட்டு உங்களுக்கு வெச்சிக்கத் தெரியாதா?" என்றார். இன்னொருவர் ஏரியில் கொஞ்ச தூரம் போனதும் போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கில் வரவேற்றுவிட்டு நெட்டை நிறுத்திவிடுகிறது என்று சண்டைக்கு வந்தார். வேறு மாநிலத்து டவரைப் பிடித்தால் நெட் வருவதற்குப் போனில் ஒரு பொத்தானைப் போட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தண்ணீரில் மாநிலக் கோடு எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம் என்று என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பொத்தானைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கரைக்குக் கொண்டுவந்து விட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்ய எனக்குக் கற்றுத் தந்தவர் என் மேலதிகாரி ரெஜினா மேடம். பொன்னேரி அலுவலகத்தில் இருந்தார். மேஜையில் எப்போதும் ஒரு டப்பா நிறைய வறுத்த பட்டாணி இருக்கும். நாம் பேசும்போது ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே கேட்பார். கடிக்கிற சத்தம் நின்றால், நாம் ஏதோ உளறிவிட்டோம் என்று அர்த்தம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது வாடிக்கையாளரைக் குறை சொன்னால் மட்டும் டப்பாவை மூடிவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு அன்று முழுவதும் பட்டாணி கிடையாது.

அவரிடம் ஒரு வழிமுறை இருந்தது. "நெட் ஸ்லோ", "நெட் கட்" என்று எழுதிக்கொண்டு போனால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதெல்லாம் நம்முடைய வார்த்தைகள், அவர்களுடைய குறை இல்லை என்பார். நெட் நின்றபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், யாருக்காக, அது நின்றதால் என்ன கெட்டது, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் டவர் பக்கம் போக வேண்டும். முதலில் எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. யார் என்ன செய்துகொண்டிருந்தால் என்ன, கருவியைச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்று நினைப்பேன். புன்னைக்குப்பத்துப் புகார் வந்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

புன்னைக்குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சின்ன மீனவக் குப்பம். படகில்தான் போக வேண்டும். ஊருக்கென்று எங்கள் கம்பெனியின் குட்டி டவர் ஒன்று உண்டு, வேறு கம்பெனியின் சிக்னல் கிடையாது. அங்கிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கம்பெனி வேண்டுமென்றே நெட்டை நிறுத்துகிறது, அதிக விலைத் திட்டத்துக்கு எங்களை மாற்றுவதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், போனை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று பதில். ஊரில் எல்லாரும் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

நான் பகலில் போய்ச் சோதித்தேன். மின்சாரம் சரி, பேட்டரி சரி, வேகம் சரி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஊர்த் தலைவர் ஏழுமலையிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், என் சட்டையில் இருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தாள். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல விரித்து, என் முகத்துக்கு நேரே வெட்டிக் காட்டினாள். கூட நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் வாய் பேச மாட்டாள், காதும் கேட்காது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெயர் அஞ்சலை. அந்தக் கத்தரி என்னவென்று கேட்டேன்.

அவளுடைய நாத்தனார் செல்விதான் அவள் கைப் பேச்சை வாய்ப் பேச்சாக மாற்றிச் சொன்னாள். "அதான் பாய் உங்களுக்கு அவ வெச்ச பேரு. உங்க கம்பெனிக்கும் அதான்" என்றாள்.

பொன்னேரிக்குத் திரும்பி, கருவிகள் நலம், புகாரை முடித்துவிடலாம் என்றேன். பட்டாணிச் சத்தம் நின்றது. நெட் நின்றபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மேடம் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நீங்க டவரைத்தான் பாத்துட்டு வந்திருக்கீங்க பாய். எட்டு மணிக்கு அங்க இருங்க" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. பொழுது சாயும்போது குப்பத்தில் போய் இறங்கினேன். எட்டு நெருங்கும்போது ஊர்ப் பொதுக் கட்டடத்தின் ஒலிபெருக்கியில் ஏழுமலையின் குரல் கேட்டது. "அஞ்சல பாடு. எல்லாரும் ப்ளேனைப் போடுங்க" என்றார். வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் போனை எடுத்து, திரையில் இருக்கும் விமானப் படத்தைத் தட்டினார்கள். தட்டினால் அந்தப் போனுக்கும் டவருக்கும் தொடர்பு அற்றுவிடும். தொடர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும். முனகல் உண்டு, ஆனால் மறுத்தவர் ஒருவரும் இல்லை. சோதனை செய்ய வந்த என் போனையும் அமர்த்தச் சொன்னார்கள். நான் கம்பெனி ஆள், அளந்து பார்க்க வேண்டும் என்று வாதாடினேன். ஒரு பெரியவர் என் போனை வாங்கி, தானே விமானத்தைத் தட்டிக் கையில் கொடுத்தார்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல மீன் விழும் இடங்கள் எல்லாருக்கும் போதாது. அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று ஒரு இடம் உன் பாடு என்றால், அங்கே வேறு யாரும் வலை போட மாட்டார்கள். நாளைக்கு அது இன்னொருவருக்கு. காவலுக்குப் போலீஸ் வேண்டாம், ஊர்ச் சொல்லே போதும். அந்த வழக்கத்தை இவர்கள் நெட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

எட்டு அடிப்பதற்குள் இருந்த கொஞ்ச நேரத்தில் காரணத்தைச் செல்வி சொன்னாள். அஞ்சலையின் கணவன் குமரவேல் மஸ்கட்டில் ஒரு படகு முதலாளியிடம் வலை பழுது பார்க்கிறான். அவனுக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் கையால்தான் பேச வேண்டும், அதற்கு வீடியோதான் வேண்டும். எழுத்து இருவருக்கும் கையெழுத்துப் போடும் அளவுக்கு மட்டுமே. வேலை முடிந்து அவன் கைக்குப் போன் வருவது நம் ஊர் எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் ஊரே நெட்டில் இருந்தால், குட்டி டவர் திணறிப் படம் உறைந்துவிடும். நமக்குக் குரல் விட்டு விட்டு வந்தால் பாதியாவது புரியும். கை பாதியில் நின்றால் அவர்களுக்கு ஒன்றுமே புரியாது. எனவே ஊர் கூடி, எட்டிலிருந்து ஒன்பது அஞ்சலையின் பாடு என்று முடிவு செய்துவிட்டது.

"நாங்க அமத்தறது ஒரு பொண்ணு பேசறதுக்கு. நீங்க அமத்தறது எதுக்கு பாய்?" என்று ஏழுமலை கேட்டார்.

அமர்த்தினால் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வருகிறதாம். ஆனால் கால் மணி நேரம்தான். பிறகு சுத்தமாக நின்றுவிடுகிறது. மறுபடி உயிர் வந்து கூப்பிட்டால், மறுபடி கால் மணி நேரம். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, மழை உண்டா என்று விசாரித்து முடிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். முக்கியமான பேச்சை எடுக்கும்போது அறுந்துவிடும். அந்த முக்கியமான பேச்சு என்னவென்றால், குமரவேலின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி முதலாளி கேட்கிறார். வரும் வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். சொந்தப் படகு வாங்கும் வரை இருந்துவிட்டு வருகிறேன் என்கிறான் அவன். வேண்டாம், வந்துவிடு என்கிறாள் இவள். ஆனால் வேண்டாம் என்று ஆரம்பித்ததுமே படம் போய்விடுகிறது. இவள் கோபத்தில் வெட்டிவிடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த ரோசத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவான் போலிருந்தது.

வேறு யாரையாவது விட்டு எழுதி அனுப்பக் கூடாதா, இல்லை கையால் பேசுவதைப் படம் பிடித்து அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். செல்வி அதை அஞ்சலையிடம் காட்டினாள். அவள் கைகள் சரசரவென்று ஓடின. "புருசனோட சண்ட போடறதுக்கு எவளாச்சும் ஆளு வெப்பாளான்னு கேக்கறா. படம் புடிச்சி அனுப்பிச்சா அது திட்டு, சண்ட இல்லியாம். சண்டன்னா பதில் வரணுமாம்" என்றாள் செல்வி. பிறகு தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டாள். "புள்ளைக்கு நாலு வயசு ஆவுது பாய். ஃபோனைப் பாத்துதான் நைனான்னு கூப்புடுது."

அதற்கு மேல் அங்கே நிற்காமல் டவருக்குப் போய், கருவிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் சீராக எரிந்துகொண்டிருந்தன. அஞ்சலை பேச ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். விளக்குகள் மொத்தமாக அணைந்தன. மின்விசிறி மட்டும் நிற்காமல் ஓடியது. அப்படியென்றால் மின்சாரம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் கீழிருந்து ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. இந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரியும். கருவி பழுதாகி நிற்கவில்லை. அதை யாரோ அணைத்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஒன்பது அடித்ததும் என் போனுக்கு உயிர் கொடுத்து, மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறையோடு பேசிவிட்டுத் திரும்ப என்னை அழைத்தார். போனிலேயே பட்டாணிச் சத்தம் கேட்டது. அதனால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சென்னையில் எல்லா டவரையும் ஒரு கணினி நிரல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில சமயம் டவர் வெளியே நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே செயலிழந்து யாரையும் சேர்த்துக்கொள்ளாது. அதைத் தூங்கும் டவர் என்போம். கூட்டமான நேரத்தில் ஒரு டவரில் திடீரென்று ஓரிருவர் தவிர ஆளே இல்லாமல் போனால், அது தூங்கிவிட்டது என்று நிரல் முடிவு செய்து, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, தானாகவே அணைத்துப் போட்டு எழுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு ஊரே சேர்ந்து ஒரு பெண்ணுக்காகப் போனை அமர்த்திவைக்கும் என்று அதை எழுதியவர்கள் கனவிலாவது கண்டிருப்பார்களா? ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒழுங்காக அமர்த்தினார்களோ, அவ்வளவு தவறாமல் அது அறுத்தது. கட்டுப்பாடு தளர்ந்து பத்துப் பதினைந்து பேர் திருட்டுத்தனமாகத் தொடர் பார்த்திருந்தால் அஞ்சலையின் பேச்சு நின்றிருக்காது. டவரின் அடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அந்த ஒரு டவரை மட்டும் நிரலிலிருந்து விலக்கக் கேட்டு மேடம் அப்போதே எழுதிவிட்டார். ஆனால் மூன்று அதிகாரிகள் ஒப்புதல் தர வேண்டும், வியாழனுக்குள் நடக்காது என்றும் சொன்னார். ஊர்க்காரர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் பாய், அவர்களுக்கு ஏதாவது வழி தோன்றும் என்றார்.

செய்த நல்ல காரியம்தான் காரியத்தைக் கெடுத்தது என்று ஒரு ஊரைக் கூட்டிவைத்துச் சொல்வது லேசான வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. கம்பெனி பழியை எங்கள் தலையில் போடுகிறது என்று சத்தம் வந்தது. அஞ்சலை கத்தரியைக் காட்டினாள். பிறகு ஏழுமலை, டவருக்கு ஆள் இருப்பது தெரிய எத்தனை போன் வேண்டும் என்று கேட்டார். மேடம் விசாரித்து வைத்திருந்தார். பத்துப் பதினைந்து போன் உயிரோடு இருந்தால் போதும், அவர்கள் பெரிய படம் எதுவும் ஓட்டக் கூடாது. அப்படிச் செய்தால் அஞ்சலைக்கும் இடைஞ்சல் இல்லை, நிரலும் பேசாமல் இருக்கும்.

ஏழுமலை தலையை ஆட்டினார். "அப்ப இதுக்கும் பாடு வெச்சிருவோம்" என்றார்.

அங்கேயே சீட்டுப் போட்டார்கள். புதன்கிழமை எந்த வீடுகள், வியாழக்கிழமை எந்த வீடுகள் என்று முறை வைத்தார்கள். சீட்டு விழுந்த வீட்டுக்காரர்கள் பாட்டு கேட்கலாம், படம் பார்க்கக் கூடாது. இதில் ஒரு தகராறு வந்தது. ஊரே போனை அமர்த்தியிருக்கும்போது நெட் பறக்கும் என்பதால், ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்குத்தான் முதல் பாடு வேண்டும் என்று நின்றார்கள். நேற்று வரை முனகிக்கொண்டு அமர்த்தியவர்கள்தான் இவர்கள். ஏழுமலை போட்ட சத்தத்தில் அடங்கினார்கள்.

புதன்கிழமை நான் மறுபடி போனேன். வேலை நேரம் இல்லை, யாரும் அனுப்பவும் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அஞ்சலை பொதுக் கட்டடத்து விளக்கின் கீழே, கை நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்து, போனை ஒரு மீன் கூடையின் மேல் சாய்த்து வைத்தாள். குமரவேலின் முகம் வந்தது. உம்மென்று இருந்தான். நான் டவருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் வந்தது, போயிற்று. விளக்குகள் எரிந்தன. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எரிந்தன. சந்தோஷத்தில் பெட்டியைப் பூட்டவும் மறந்து திரும்பி ஓடினேன்.

அங்கே சண்டை ஆரம்பமாகியிருந்தது. அஞ்சலையின் கைகள் விசிறியாகச் சுற்றின. போன் அணையவில்லை என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் வெட்டவில்லை என்பதும் சேர்ந்து புரிந்திருக்க வேண்டும். முகம் இளகி, அவனும் கையை எடுத்தான். அவள் விடவில்லை. என்ன சொல்கிறாள் என்று செல்வியிடம் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள பேசறது உங்களுக்கு இன்னாத்துக்கு பாய்?" என்றாள். அதுவும் சரிதான். சுற்றி நின்ற யாருக்கும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் ஒருவரும் கலையவில்லை. ஊரே போனை அமர்த்திக்கொண்டு, ஒரு பெண் தன் புருஷனோடு ஆசை தீரச் சண்டை போடுவதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதுக்குச் சற்று முன்னால் அவள் நிறுத்தி, மகளைத் தூக்கிப் போனுக்கு முன் பிடித்தாள். அவன் ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்து, பிறகு மகள் இருக்கும் பக்கம் காட்டினான். அதற்குச் செல்வியின் உதவி எனக்குத் தேவைப்படவில்லை.

மேடம் கேட்ட ஒப்புதல் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் குமரவேல் ஊருக்கு வந்துவிட்டான்.

அவனை நான் நேரில் பார்த்தது நான் ஓய்வு பெற்ற வாரத்தில். பழவேற்காட்டுப் படகுத் துறையில் குடும்பத்தோடு இறங்கினான். மகள் அவன் தோளில் ஏறி, அவன் காது இரண்டையும் பிடித்துக்கொண்டு, நைனா நைனா என்று கத்திக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கேட்காது என்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அஞ்சலை என்னைப் பார்த்ததும் கணவனின் தோளைத் தட்டி, இரண்டு விரலை விரித்துக் கத்தரியைக் காட்டினாள். இந்த ஆள்தான் அது என்று அறிமுகம் செய்கிறாள். அறுந்ததைச் சேர்த்து வைத்தவன் நான், இனியாவது வேறு பெயர் வைக்கக் கூடாதா என்று செல்வி மூலம் கேட்டுப் பார்த்தேன். வைத்த பெயர் வைத்ததுதான் என்று பதில் வந்தது.

குமரவேல் என் கையைப் பிடித்து நெடுநேரம் விடவில்லை. பிறகு அவனும் கத்தரியைக் காட்டிச் சிரித்தான். அதற்குள் அஞ்சலைக்கு ஏதோ ஞாபகம் வந்து, அவனைத் தன் பக்கம் திருப்பிச் சண்டையைத் தொடங்கிவிட்டாள். பேருந்து நிறுத்தம் வரை இருவர் கையும் ஓயவில்லை. நான் என் போனை எடுத்து மணி பார்த்தேன். எட்டு ஆக இன்னும் வெகு நேரம் இருந்தது.